பெயரும் பொருளும்: யூனிக்ஸ் கட்டளை வரியில் கோப்புகளைக் காத்தல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பூட்டினால் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு எனப் பல வகைகளைக் கையாலேயே உருவாக்கும் இவ்வூர்க் கைவினைக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டைப் பற்றி அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பூட்டு எத்துணை வலியதாயினும் அது தொங்கும் நாதாங்கி தளர்ந்திருந்தால் கதவு திறந்ததாகவே கொள்ளல் வேண்டும். எதைப் பூட்டினோம் என்பதைவிட, எதில் பூட்டினோம் என்பதே முதன்மையான வினா.

இலக்கிய வட்டத்து விழாவில் இவ்வினா எழுவதற்குக் காரணம் உண்டு. ஏட்டிலும் தாளிலும் வாழ்ந்த தமிழ் இன்று பெரும்பாலும் கணினிக் கோப்பில் வாழ்கிறது. உரைகள், கவிதைகள், கிடைத்தற்கரிய பழைய இதழ்களின் படங்கள், மெய்ப்புப் படிகள் ஆகிய அனைத்தும் கோப்புகளே. அவற்றைப் பெயர் மாற்றுதல், இடம் மாற்றுதல், நீக்குதல் என்னும் எளிய பணிகளில்தான் ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் மறைகிறது. பெரும்பாலும் இதற்குக் கெட்ட எண்ணமோ பழுதுபட்ட எந்திரமோ காரணமன்று. மனிதர் பெயரைப் படித்த விதமும் எந்திரம் பெயரைப் படித்த விதமும் வேறுபட்டதே காரணம்.

சொல்லைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் தேர்ந்த தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. அவர்கள் கற்ற இலக்கணமே இங்குத் துணை நிற்கும்.

கட்டளை வரி

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் 1969இல் உருவாக்கத் தொடங்கிய இயக்க முறைமை யூனிக்ஸ். அதன் வழியைப் பின்பற்றி ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது லினக்ஸ். தமிழகத்திற்கும் இதனோடு உறவு உண்டு. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்சும் இடம்பெற்றது. சிற்றூர்ப் பள்ளி மாணவரின் வீட்டுக்குள்ளும் யூனிக்சின் வழித்தோன்றல் அவ்வாறு நுழைந்தது.

இம்முறைமையில் மனிதர்க்கும் எந்திரத்திற்கும் இடையே நின்று, தட்டச்சு செய்யப்பெறும் வரியைப் படித்துப் பொருள்கொள்ளும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யூனிக்சின் ஏழாம் பதிப்புடன் பரவியது. இன்று மிகுதியாகப் புழங்கும் ‘பாஷ்’ என்பதை பிரையன் ஃபாக்ஸ் 1989இல் வெளியிட்டார். கோப்புகளைப் பட்டியலிட ‘எல்எஸ்’, படியெடுக்க ‘சிபி’, பெயரோ இடமோ மாற்ற ‘எம்வி’, நீக்க ‘ஆர்எம்’ என அதன் கட்டளைகள் பெரும்பாலும் ஈரெழுத்துச் சொற்கள்.

இச்சுருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. ‘உறுதிதானா?’ என்று இக்கட்டளைகள் இயல்பாகக் கேட்பதில்லை. நீக்கியதை எடுத்து வைக்கும் குப்பைக்கூடை கட்டளை வரியில் இல்லை. வேலை செவ்வனே முடிந்தால் ஷெல் எதுவும் பேசாது. தவறான வேலை செவ்வனே முடிந்தாலும் பேசாது.

பெயர் வேறு, பொருள் வேறு

யூனிக்சின் கோப்பு முறையில் முதலில் உணர வேண்டியது, கோப்பின் பெயர் கோப்புக்குள் இல்லை என்பதாகும். கோப்பின் உள்ளடக்கம் வட்டில் ஓரிடத்தில் இருக்கிறது. அதன் அளவு, உரிமையாளர், அனுமதி, இருப்பிடம் ஆகியவற்றைக் கூறும் குறிப்பேட்டுக்கு ஐநோடு என்று பெயர். அதற்கு ஓர் எண் உண்டு; பெயர் இல்லை. பெயர் எழுதப்பட்டிருப்பது அடைவில்தான். இந்தப் பெயருக்கு இந்த ஐநோடு எண் என்னும் பட்டியலே அடைவு. பழந்தமிழ் நூல்களின் இறுதியில் சொல்லடைவு இருப்பது போன்றதே இதுவும். அடைவில் சொல்லும் பக்க எண்ணும் உண்டு. பொருள் நூலின் உள்ளே இருக்கிறது.

இதனை உணர்ந்தால் பல புதிர்கள் அவிழும். ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். இலக்கணம் கூறும் ஒருபொருட் பன்மொழி போன்றது இது, வன்னிணைப்பு எனப்படும். வெவ்வேறு அடைவுகளில் ஒரே பெயர் வெவ்வேறு கோப்புகளைச் சுட்டலாம். அது பலபொருள் ஒருமொழி. மற்றொரு பெயரைச் சுட்டுவதற்காகவே வைக்கப்பெறும் பெயரும் உண்டு. மென்னிணைப்பு எனப்படும் அது, சுட்டிய பெயர் நீக்கப்பட்டதும் பொருளற்றுத் தொங்கும். ‘கோப்பு கண்ணெதிரே பட்டியலில் இருக்கிறது; திறந்தால் இல்லை என்கிறது’ என்று கலங்குவோர் பலர் கண்டது இவ்வாறு தொங்கும் பெயரையே.

ஆர்எம் என்னும் கட்டளையும் உண்மையில் கோப்பை அழிப்பதில்லை. அடைவிலிருந்து ஒரு பெயரை அடிக்கிறது. கடைசிப் பெயரும் அடிக்கப்பட்டு, அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஏதும் இல்லாதபோதுதான் வட்டிலுள்ள இடம் பிறருக்கு விடப்படுகிறது. ஆகவே இத்துறையில் நேரும் துன்பங்களுள் பெரும்பாலானவை பெயரால் நேர்பவை. பெயரை எந்திரம் எவ்வாறு படிக்கிறது என்று பார்த்த பின்னரே ஆணையிடல் வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

பிரிமொழிச் சிலேடை

ஒரு தொடரை ஒருவகையாகப் பிரித்தால் ஒரு பொருளும் வேறுவகையாகப் பிரித்தால் வேறு பொருளும் தருவது பிரிமொழிச் சிலேடை. புலவர்க்கு அது புலமை விளையாட்டு. ஷெல்லில் அது விபத்து.

ஷெல் ஒரு வரியைப் படிக்கும்போது முதலில் இடைவெளி கண்ட இடமெல்லாம் சொல்லைப் பிரிக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டு தந்த பி.ஆர். ராஜமையரின் புதினம் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஓர் அடைவில் அதே பெயருடைய கோப்பாக இருக்கிறது எனக் கொள்வோர், அதனை நீக்க எண்ணி ‘ஆர்எம் கமலாம்பாள் சரித்திரம்’ என்று எழுதினால் ஷெல் அதனை இரண்டு பெயர்களாகவே கொள்ளும். ‘கமலாம்பாள்’ என்னும் கோப்பைத் தேடி, அப்படியொன்று இல்லை என்று முறையிடும். அதே அடைவில் ‘சரித்திரம்’ என்று வேறொரு கோப்பு இருந்துவிட்டால் அதனை வாய்திறவாமல் நீக்கிவிடும். நீக்க எண்ணியது நிற்கும்; நிற்க வேண்டியது போகும்.

பெயர் முழுவதையும் மேற்கோள்குறிக்குள் அடைப்பதே இதற்கு மருந்து. இடைவெளிக்கு முன் பின்சாய்கோடு இடுவதும் ஒக்கும். பெயரின் முதற்சில எழுத்துகளை மட்டும் தட்டித் தாவல் விசையை அழுத்தினால் ஷெல்லே எஞ்சியதை நிரப்பி வேண்டிய குறிகளையும் இட்டுத் தரும். நிரல் வரிகளில் மாறியின் பெயரை எழுதும்போதும் அதனை இரட்டை மேற்கோள்குறிக்குள் இடுவது நல்லோர் வழக்கம். லினக்சில் புழங்கும் எல்எஸ் கட்டளை, 2016இல் வெளிவந்த பதிப்பு முதல், இடைவெளியுள்ள பெயர்களைத் திரையில் மேற்கோள்குறியுடனேயே காட்டுகிறது. பலருக்குக் கண்ணை உறுத்திய இம்மாற்றம், எந்திரத்தின் படிப்பை மனிதர்க்குக் காட்டுவதற்காகவே செய்யப்பட்டது.

இடைவெளியினும் கொடியது நட்சத்திரக் குறி. எத்தனை எழுத்துக்கும் ஈடாக நிற்கும் அக்குறியை ஷெல்லே பெயர்ப் பட்டியலாக விரித்து, அதன் பின்னரே கட்டளையிடம் ஒப்படைக்கிறது. ‘பழைய’ என முடியும் கோப்புகள் அனைத்தையும் நீக்க எண்ணி நட்சத்திரக் குறியை அடுத்து ‘பழைய’ என்று எழுதுபவர், இடையே ஓர் இடைவெளியைத் தவறி விட்டுவிட்டால், குறி தனிச்சொல்லாகி அடைவிலுள்ள எல்லாக் கோப்புகளையும் சுட்டிவிடும். ஒரேயொரு வெற்றிடம் ஒரு நூலகத்தை வெறுமையாக்கும்.

இதற்குக் காப்பு எளிது. ஆர்எம் என்று எழுத வேண்டிய இடத்தில் முதலில் எல்எஸ் அல்லது ‘எக்கோ’ என்று எழுதி அதே குறிகளை இட்டுப் பார்த்தல் வேண்டும். எந்தெந்தப் பெயர்களாக விரிகிறது என்பது திரையில் தோன்றும். அதனைப் படித்து, பின்னர் அதே வரியை மீட்டெடுத்து முதற்சொல்லை மட்டும் மாற்றலாம். பத்து நொடி வேலை இது.

சிறுகோட்டில் தொடங்கும் பெயரும் தொல்லை தருவதே. கட்டளைகளுக்குச் சிறுகோடு என்பது விருப்பத்தைக் குறிக்கும் அடையாளம். ஆதலின் சிறுகோட்டில் தொடங்கும் கோப்பை நீக்கச் சொன்னால் அதனைப் பெயராகக் கொள்ளாமல் ஏவலாகக் கொண்டு ஆர்எம் மறுக்கும். பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டால், ‘இவ்வடைவில் உள்ளது’ என்று பொருள்பட்டு அது பெயராகிவிடும்.

உருவம் ஒன்று, உயிர் இரண்டு

இதுவரை கூறியவை எம்மொழியார்க்கும் பொது. தமிழர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு.

யூனிக்சைப் பொறுத்தவரை பெயர் என்பது எழுத்தன்று; பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் சுழியப் பைட்டும் தவிர எதுவும் பெயரில் வரலாம். யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8 வடிவில், மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘மலைக்கோட்டை’ என்னும் பெயர் கண்ணுக்கு ஆறெழுத்து. எந்திரத்திற்கோ மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகப் பதினொரு குறிகள்; 33 பைட்டுகள்.

சிக்கல் ‘கோ’ என்னும் எழுத்தில் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம்; ஏகாரக் கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் இரண்டாம் முறையில் எழுதிய ‘மலைக்கோட்டை’ 36 பைட்டுகள். லினக்சின் இயல்பான கோப்பு முறைக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஓர் அடைவைப் பட்டியலிட்டால் ‘மலைக்கோட்டை’ இரண்டு முறை தோன்றும். ஒன்றைத் தட்டச்சு செய்து திறந்தால் மற்றொன்று திறக்கும். அல்லது, கண்ணெதிரே பெயர் இருக்க, அப்படியொரு கோப்பு இல்லை என்னும் விடை வரும். ஆப்பிள் கணினிகளின் முந்தைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்து வந்ததால், அங்கிருந்து வந்த தமிழ்க் கோப்புகளில் இது மிகுதி. கொ, கோ, கௌ வரிசைகள் அனைத்திற்கும் இது பொருந்தும்.

இரட்டைப் பெயரில் ஒன்று மிகை என்று எண்ணி நீக்கிவிடுவோர் உண்டு. திருத்திய மெய்ப்பு எதில் இருந்தது என்பது அதன் பின்னரே தெரியும். நீக்குவதற்கு முன் எல்எஸ் கட்டளையுடன் சிறுகோடும் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் சேர்த்துப் பார்த்தால் ஐநோடு எண் தெரியும். எண் வேறாயின் கோப்பும் வேறு. பெயரைப் பைட்டு பைட்டாகக் காட்டும் ‘ஓடி’ என்னும் கட்டளையும் துணை செய்யும். ஐநோடு எண்ணைக் கொண்டு தேடிப் பெயர் மாற்ற ‘ஃபைண்டு’ கட்டளை உதவும். அடைவு முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொணர ‘கான்வ்எம்வி’ என்னும் கருவி உண்டு. இது பாராட்டத்தக்க பண்புடையது. தனியாக வேண்டிக்கொண்டாலன்றி, என்ன மாற்றப்போகிறது என்று காட்டுமேயொழிய எதையும் மாற்றாது.

பெயரின் நீளமும் நோக்கத்தக்கது. லினக்சில் ஒரு பெயருக்கு 255 பைட்டு எல்லை. ஆங்கிலத்திற்கு அது 255 எழுத்து. தமிழுக்கு 85 குறிகளே. ராஜமையரின் புதினத்திற்கு முதலில் அமைந்த முழுப்பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. அதனை அப்படியே கோப்பின் பெயராக வைத்தால் 145 பைட்டுகள் ஆகும். சாதாரண வட்டில் அதற்கு இடமுண்டு. பெயரையும் சேர்த்து மறையாக்கும் ‘இ-கிரிப்ட்எஃப்எஸ்’ முறையிலோ எல்லை 143. பெயர் மிக நீளம் என்னும் மறுப்பு அங்கே வந்துவிடும். கோப்பின் பெயர் சுருக்கமாகவும், நூலின் பெயர் கோப்பின் உள்ளே முழுமையாகவும் இருத்தல் நன்று.

பழைய கோப்புகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் முறைகளை ஏற்றது. உலகெங்கும் தமிழர் பலர் டிஸ்கி முறையைப் பயன்படுத்தினர். 2010இல்தான் யூனிகோடு அரசின் ஏற்பைப் பெற்றது. அக்காலக் கோப்புகளின் பெயர்கள் இன்றைய திரையில் வினாக்குறிகளாகத் தோன்றும். அவை குப்பை அல்ல. படிக்கத் தெரியாத எழுத்து மட்டுமே. ‘ஐகான்வ்’ என்னும் மாற்றுக் கருவி லினக்சில் டிஸ்கியையும் அறியும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களும் இக்குறியீடுகளைக் கடந்தே இன்றைய யூனிகோடு வடிவை எய்தின. மாற்ற ஆளிருந்ததால் அவை பிழைத்தன.

எழுதுமுன் அழிவது

அவ்வாறு மாற்றும்போதும் ஒரு குழி உண்டு. கட்டளையின் விடையைக் கோப்பில் சேர்க்க ஷெல்லில் வலக்கோணக் குறி இடுவர். ஷெல் கட்டளையை ஓட்டுவதற்கு முன்பே அக்குறிக்கு வலப்புறமுள்ள கோப்பை வெறுமையாக்கிவிடும். ஆகவே ஒரு கோப்பை ஐகான்வ் கொண்டு மாற்றி, விடையை அதே பெயரில் எழுதச் சொன்னால், கருவி படிக்கப் போகும்போது கோப்பு காலியாக இருக்கும். புதிய பெயரில் எழுதி, திறந்து படித்துப் பார்த்து, அதன் பின்னரே பெயர் மாற்றுதல் வேண்டும்.

எம்வியும் இத்தகையதே. இலக்குப் பெயரில் வேறொரு கோப்பு இருந்தால் கேளாமல் அதன்மேல் எழுதும். இல்லாத அடைவு ஒன்றுக்குக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினால் நேர்வது இன்னும் விந்தை. அடைவு இல்லாமையால் முதற்கட்டுரை அப்பெயரையே பெறும். இரண்டாவது அதன்மேல் அமரும். நாற்பது கட்டுரை நகர்த்தினால் நாற்பதாவது மட்டுமே எஞ்சும். அடைவின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு இட்டால், அடைவு இல்லாதபோது எம்வி மறுத்துவிடும். ஆங்கில ‘ஐ’ விருப்பத்தைச் சேர்த்தால் மேலெழுதுமுன் கேட்கும். இவ்விரு பழக்கங்களும் கைக்கு வந்துவிட்டால் பெருங்கேடுகள் தவிரும்.

பூட்டும் நாதாங்கியும்

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பது கட்டளை வரியில் அடிக்கடி தோன்றும் விடை. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையார்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளை யூனிக்ஸ் வகுத்துள்ளது. மறுப்பு வந்ததும் ‘சிஎச்மாட்’ என்னும் கட்டளையால் எல்லார்க்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்னும் எண்ணை இடுவோர் பலர். சாவி பொருந்தவில்லை என்று கதவையே பெயர்த்து எடுப்பதற்கு ஒப்பானது இச்செயல்.

இங்கேதான் நாதாங்கியின் உண்மை விளங்கும். ஒரு கோப்பை எவரும் எழுதலாகாது என்று பூட்டியாயிற்று. எனினும் அது நீங்கிவிட்டது என்று வியப்போர் உண்டு. நீக்குவது என்பது அடைவிலிருந்து பெயரை அடிப்பது என்று மேலே கண்டது நினைவுகூரத்தக்கது. அதற்கு வேண்டியது கோப்பில் எழுதும் உரிமையன்று. அடைவில் எழுதும் உரிமை. கோப்பு பூட்டு, அடைவு நாதாங்கி. பலர் பயன்படுத்தும் பொது அடைவில் கோப்பை மட்டும் பூட்டிவைத்துப் பயனில்லை. அத்தகைய அடைவுகளில், அவரவர் கோப்பை அவரவரே நீக்க இயலும் என்னும் ‘ஒட்டு உரிமை’ அமைப்பைச் சேர்த்தல் வேண்டும்.

மறுப்பு வந்தால் செய்யத்தக்கன மூன்று. யார் பெயரில் உள்ளே இருக்கிறார் என்று ‘ஐடி’ கட்டளையால் அறிதல். எந்த அடைவில் நிற்கிறார் என்று ‘பிடபிள்யூடி’ கட்டளையால் அறிதல். கோப்பின் உரிமையை மட்டுமின்றி அதனைத் தாங்கும் அடைவின் உரிமையையும் பார்த்தல். காரணம் தெரிந்த பின் தேவையான ஒருவர்க்குத் தேவையான ஓர் உரிமையை மட்டும் தந்தால் போதும்.

வட்டு நிறைந்தது என்னும் மறுப்பும் இவ்வகையினதே. பெரிய கோப்பை நீக்கிய பின்னும் இடம் கூடவில்லையெனில், ஏதோ ஒரு நிரல் பெயரற்ற அக்கோப்பை இன்னும் பிடித்திருக்கிறது என்று பொருள். ‘எல்எஸ்ஆஃப்’ கட்டளை அந்நிரலைக் காட்டிக் கொடுக்கும். தவறாக நீக்கிய கோப்பாயின் இதுவே நல்வாய்ப்பு. அந்நிரலை நிறுத்தாமல், லினக்சின் ‘ப்ராக்’ அடைவு வழியே உள்ளடக்கத்தைப் படியெடுத்துவிடலாம். பெயர் போயிற்று, பொருள் இருக்கிறது. இடம் இருந்தும் வட்டு நிறைந்தது என்று வந்தால், ஐநோடுகள் தீர்ந்தனவா என்று ‘டிஎஃப்’ கட்டளையில் பார்த்தல் வேண்டும்.

படியெடுத்தல் என்னும் அறம்

இவ்வளவு அறிந்தாலும் கை தவறும். உலகின் தேர்ந்த வல்லுநர்க்கும் தவறியது. 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட ஆர்எம் கட்டளையால் படத்தின் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. காப்புப் படிகளைத் தேடியபோது அவையும் பழுதுபட்டிருந்தன. வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்பப் பொறுப்பாளரின் வீட்டுக் கணினியில் இருந்த படியே அப்பணியை மீட்டது.

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்ததும் இதுவே. இரண்டு தரவுச் சேமக் கணினிகளுள் துணைக் கணினியில் இருப்பதாக எண்ணிய பொறியாளர், முதன்மைக் கணினியில் ஓர் அடைவை நீக்கும் ஆணையை இட்டார். உடனே நிறுத்தியும் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. வைத்திருந்த காப்பு முறைகள் பலவும் செயற்படவில்லை என்பது அப்போதே தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்த படி ஒன்று காத்தது. அந்நிறுவனம் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் உலகிற்கு எழுதி வைத்தது. இங்கும் இடறியது பெயரே. நிற்பது எந்தக் கணினி என்று பார்க்காத ஒரு கணம்.

இரு நிகழ்ச்சிகளிலும் காப்புப் படி இருந்ததாக எல்லாரும் நம்பினர்; திறந்து பார்த்தவர் இல்லை. மீட்டுப் பார்க்கப்படாத படி, படியன்று. ஆண்டுக்கு இருமுறையேனும் காப்புப் படியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து படித்துப் பார்ப்பது இலக்கிய அமைப்புகளின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும். வன்னிணைப்பைக் காப்புப் படி என்று எண்ணுவதும் பிழை. பெயர்தான் இரண்டு, பொருள் ஒன்றே. ஒன்றைத் திருத்தினால் இரண்டும் திருந்தும். ஒன்று கெட்டால் இரண்டும் கெடும். வேறு வட்டில், இயலுமாயின் வேறு ஊரில், ஒரு படி இருத்தல் வேண்டும்.

நிறைவாக

தமிழ் இவ்விழப்பை முன்பும் கண்டது. உ.வே. சாமிநாதையர் சங்க நூல் ஏடுகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் நெருப்பிலிடப்பட்டன என்று கேட்டு வருந்திய செய்தியைத் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். இட்டவர் பகைவர் அல்லர். பழுதுபட்ட ஏட்டை முறைப்படி நீக்குவதாகவே எண்ணினர். எந்தெந்த நூல் அக்கட்டில் இருந்தது என்று பெயரைப் படித்துப் பார்ப்பார் இல்லை என்பதே அங்கு நேர்ந்த குறை.

இன்றைய அடைவுகளில் வினாக்குறிகளாய்த் தோன்றும் பெயர்களும் இரட்டையாய்த் தோன்றும் பெயர்களும் அவ்வேட்டுக் கட்டுகளின் நிலையிலேயே உள்ளன. வத்தலக்குண்டின் ராஜமையரையும் ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையாவையும் தந்த இம்மாவட்டத்தில், கையெழுத்துப் படிகளும் சிற்றிதழ்களும் இல்லங்களில் இன்னும் உறங்குகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவது பாதிப் பணி. ஏற்றியதைச் சுருங்கிய தெளிந்த பெயரிட்டு, ஒரே குறியீட்டில் வைத்து, நீக்குமுன் பட்டியலிட்டுப் பார்த்து, படியெடுத்த படியைத் திறந்து படித்து வைப்பது மறுபாதி. அப்பணிக்குப் பெருஞ்செல்வமோ பெரும்பட்டமோ வேண்டுவதில்லை. சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் பொறுமை வேண்டும். அது தமிழ் கற்றாரிடம் உண்டு.

அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும் நாளில், இம்மலரின் கோப்பும் பெயர் மாறாமல், பொருள் குன்றாமல் திறக்கும் நிலையில் இருப்பதாக.